கூட்டிப் பெருக்கிய வீட்டில் யார் குடியிருப்பது?

பொதுக்காலம் 27-ஆம் வாரம், வெள்ளி (10 அக்டோபர் 2025)
வாசகங்கள்: யோவேல் 1:13-15, 2:1-2, லூக்கா 11:15-26



இன்றைய நற்செய்தியின் கடைசி மூன்று வசனங்களைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் திகைப்பாக இருந்திருக்கும். ஒரு மனிதரை விட்டுத் தீய ஆவி வெளியேறுகிறது. நல்ல செய்தி. அவருடைய வீடு பெருக்கப்பட்டு, ஒழுங்காக, அழகாக இருக்கிறது. அதுவும் நல்ல செய்தி. போன ஆவியோ வறண்ட இடங்களில் அலைகிறது, தங்க இடம் கிடைக்கவில்லை, பழைய வீட்டுக்கே திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறது. வீடு சுத்தமாக இருப்பதைக் கண்டு அது பயந்து ஓடியிருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். ஆண்டவர் சொல்வது வேறு. தன்னைவிடப் பொல்லாத இன்னும் ஏழு ஆவிகளை அது கூட்டி வந்து குடியேறுகிறது. அந்த மனிதர் முன்பு இருந்ததைவிடக் கேடான நிலைக்குப் போய்விடுகிறார்.

அழுக்கு வீட்டுக்கு வந்த கேடாக இருந்தால் நமக்குப் புரியும். இது சுத்தமான வீட்டுக்கு வந்த கேடு. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள், தியானத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தவர்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்கள், இவர்களுக்குத்தான் இந்த வசனம் முதலில் பொருந்துகிறது. அப்படியானால் வீட்டைப் பெருக்கியது தவறா? இல்லை. மத்தேயு இதே போதனையை எழுதும்போது ஒரு விவரத்தைச் சேர்த்துச் சொல்கிறார் (12:44). வீடு சுத்தமாக இருந்தது, ஆனால் உள்ளே யாரும் இல்லை. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

இதை இன்று உங்களுக்கு விளக்க நம் பங்கு அலுவலகக் கணினியைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்த வாரம் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டும், திருமண ஓலை வாசிக்கப் பெயர் கொடுக்கவும் வந்த சிலரை “நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கணினி வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டது. கணினிக் கடையில் வேலை பார்க்கும் நம் இளைஞர் இயக்கத்துத் தம்பி வந்து பார்த்துவிட்டு, “ஃபாதர், இதைச் சுத்தம் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. ஃபார்மட் அடிச்சு புதுசா ஓ.எஸ். போட்டுடலாம்” என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்த ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். இன்றைய நற்செய்திக்கு அதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்காது என்று தோன்றியது.

முதலில், கணினி மெதுவான கதை.

எந்தக் கணினியும் ஒரே நாளில் படுத்துவிடுவதில்லை. பொத்தானை அழுத்தினால் திறக்க ஒரு நிமிடம் ஆகும். பிறகு ஒரு காபி குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “பழைய சிஸ்டம், அப்படித்தான் இருக்கும்” என்று எல்லாரும் பழகிக்கொள்வார்கள். ஆனால் பல நேரங்களில் மெதுவாவதற்குக் காரணம் வயது அல்ல. உள்ளே புகுந்த நிரல் அந்தக் கணினியின் உழைப்பை வேறொருவருக்குத் திருப்பிவிட்டிருக்கும். குப்பை மின்னஞ்சல்களை ஆயிரக்கணக்கில் அனுப்ப அதைப் பயன்படுத்தும். எங்கோ இருக்கும் ஒருவனுக்கு மெய்நிகர் நாணயம் சேர்க்க அதன் மூளையை இரவு பகலாக ஓட்டும். மின்சாரக் கட்டணம் நாம் கட்டுகிறோம், கணினி இன்னொருவனுக்கு ஊழியம் செய்கிறது. நமக்கு மிச்சம் கிடைப்பதுதான் அந்தச் சுற்றும் வட்டம்.

ஆண்டவர் சொல்லும் வலியவனின் உவமை இதுதான். வலியவன் ஆயுதம் தாங்கி அரண்மனையைக் காக்கும்போது அவனுடைய உடைமைகள் பத்திரமாக இருக்கின்றன. அங்கே சத்தம் இல்லை, சண்டை இல்லை. தீமை ஒரு மனிதரை முழுவதும் பிடித்தபின் வீடு அமைதியாகவே இருக்கும். “ஏன் பூசைக்கு வருவதில்லை?” என்று கேட்டால் “நேரம் இல்லை ஃபாதர்” என்பார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நேரம் இல்லை. அவருடைய நேரம் எல்லாம் இன்னொருவனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. செபிக்க உட்கார்ந்தால் மனம் திறப்பதில்லை. மனைவி பேசினால் எரிச்சல் வருகிறது. பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் கண் கைப்பேசியை விட்டு எழுவதில்லை. “வயசாகுது, வேலைப் பளு” என்று காரணம் சொல்லிக்கொள்கிறோம்.

நம் ஊர்க் கணினிகளில் அதிகம் தொற்றிய ஒன்றை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஷார்ட்கட் வைரஸ். ஜெராக்ஸ் கடையிலோ டி.டி.பி. கடையிலோ பென்டிரைவைச் செருகி எடுத்து வருவோம். திறந்தால் நம் ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே இருப்பது போலத் தெரியும், மூலையில் மட்டும் ஒரு சின்ன அம்புக்குறி. உண்மையான ஃபோல்டரை அந்த வைரஸ் ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை முன்னால் நிறுத்துகிறது. போலியைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்து நாம் தேடிய ஃபோல்டரும் திறக்கும். அதன் தந்திரம் அதுதான். கேட்டது கிடைத்துவிடுவதால் நாம் சந்தேகப்படுவதில்லை. சோதனையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். குடும்பத்துக்காகத்தான் இந்தக் கள்ளக் கணக்கு என்கிறோம். குடும்பத்துக்குப் பணமும் வருகிறது. நட்புக்காகத்தான் இந்தக் குடி என்கிறோம், நட்பும் இருக்கிறது. நல்லது நம் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் தீமையின் வழியாக வருகிறது.

இறைவாக்கினர் யோவேல் அதனால்தான் கொம்பு ஊதச் சொல்கிறார். அவருடைய நூலின் தொடக்கத்தில் வெட்டுக்கிளிகள் அலை அலையாக வருகின்றன. ஒரு கூட்டம் விட்டுவைத்ததை அடுத்த கூட்டம் தின்கிறது. கோவிலுக்கு வர வேண்டிய தானியப் படையலும் திராட்சை இரசமும் நின்றுபோகின்றன. இன்றைய வாசகத்தில் அவர் யாரைக் கூப்பிட்டு அழச் சொல்கிறார்? குருக்களை. சாக்கு உடை உடுத்தச் சொல்வதும் அவர்களைத்தான். ஆகவே இந்த வாசகம் எனக்கும் சேர்த்துத்தான். பழகிப்போனவர்களை எழுப்பத்தான் எச்சரிக்கை ஒலி தேவை. மெதுவாகிவிட்டோம் என்பதை உணர்வதே பாதி மருத்துவம்.

இரண்டாவது, உதவி வெளியிலிருந்து வர வேண்டும்.

தம்பியிடம் கேட்டேன்: “உள்ளேயே ஆன்டிவைரஸ் இருக்கே, அதை ஓடவிட்டால் போதாதா?” அவர் சொன்ன பதில்தான் இந்த மறையுரையின் முதுகெலும்பு. ஆழமாக இறங்கிவிட்ட வைரஸ், ஆன்டிவைரஸ் எழும் முன்பே எழுந்துவிடும். பிறகு அந்தக் கணினி என்ன பார்க்கலாம், என்ன பார்க்கக் கூடாது என்று அதுவே தீர்மானிக்கும். “எல்லாம் நலம்” என்று திரையில் வரும், அந்தச் சான்றிதழையும் வைரஸே கொடுத்திருக்கும். இது இன்றைய புதுமை இல்லை. 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ தான் ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ். அது நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்துகொள்ளும். யாராவது அந்தப் பகுதியைத் திறந்து சோதித்தால், முன்பே எடுத்து வைத்திருந்த பழைய நல்ல பகுதியை எடுத்துக் காட்டும். பார்ப்பவர் “சுத்தமாக இருக்கிறதே” என்று மூடிவிடுவார். அந்த முதல் வைரஸுக்கே பொய் சொல்லத் தெரிந்திருந்தது.

ஆகவே தம்பி என்ன செய்தார்? நோயுள்ள கணினியை அதன் போக்கில் எழவிடவில்லை. வேறொரு நல்ல கணினியில் தயாரித்த பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியை எழுப்பினார். அப்படி எழுந்தபோது உள்ளே இருந்த வைரஸ் வெறும் கோப்பாகக் கிடந்தது. அதை எழுப்ப யாரும் இல்லை, அதனால் அதற்கு அதிகாரமும் இல்லை. ஆண்டவர் சொன்னது நினைவிருக்கட்டும். வலியவனைவிட வலியவர் ஒருவர் வந்து அவனை வெல்லும்போதுதான் அவன் நம்பியிருந்த ஆயுதங்கள் பறிபோகின்றன.

அன்புக்குரியவர்களே, நம்மில் பலர் நம்மை நாமே சோதித்து நாமே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறோம். “நான் யாருக்கும் கெடுதல் நினைப்பதில்லை” என்கிறோம். அந்தச் சோதனையைச் செய்கிற மனச்சாட்சியே நோய்ப்பட்டிருந்தால்? தாவீது அரசரைப் பாருங்கள். ஊரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டார், ஊரியாவைப் போரில் முன்னணியில் நிறுத்திக் கொல்லச் செய்தார், கொலைக்கான கடிதத்தை ஊரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். இத்தனைக்கும் பிறகு அரண்மனை அமைதியாகத்தான் இருந்தது. அவர் உள்ளம் “எல்லாம் நலம்” என்று காட்டிக்கொண்டிருந்தது. நாத்தான் இறைவாக்கினர் வெளியிலிருந்து வந்து ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னபோதுதான் அரசர் தன்னைக் கண்டார் (2 சாமுவேல் 12). நமக்கும் ஒரு நாத்தான் தேவை. ஒப்புரவு அருளடையாளத்தில் இன்னொரு மனிதர் முன் மண்டியிடச் சொல்லித் திருச்சபை நம்மை வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இது. நம்மால் நம்மை மீட்க முடியாது. கிறிஸ்து வெளியிலிருந்து வருகிறார். கடவுளின் விரலால் பேய்களை ஓட்டுகிறேன் என்று இன்று அவர் சொல்கிறார். அந்த விரல் தொட வேண்டும்.

மூன்றாவது, எதை அழிப்பது, எப்படி அழிப்பது.

நாம் ஒரு கோப்பை ‘டெலீட்’ செய்தால் அது போய்விட்டது என்று நினைக்கிறோம். வழக்கமான வன்தட்டில் அது போவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணினி ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதில் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். எழுதியது வட்டில் அப்படியே கிடக்கும், மீட்டெடுக்கும் மென்பொருள் வைத்திருப்பவர் அதை எடுத்துவிடலாம். விரைவு ஃபார்மட்டும் ஏறக்குறைய இதே கதைதான்: அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும். முழு ஃபார்மட் கொடுத்தால்தான் வட்டின் ஒவ்வொரு பகுதியின் மீதும் சுழியம் எழுதப்படும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். அதனாலேயே பலர் அதைச் செய்வதில்லை.

நம் பாவசங்கீர்த்தனங்கள் பலவும் அட்டவணையை மட்டும் மாற்றுகின்றன. “பொய் சொன்னேன், கோபப்பட்டேன், செபிக்க மறந்தேன்” என்று முதல் நற்கருணை வயதில் மனப்பாடம் செய்ததையே ஐம்பது வயதிலும் ஒப்பிக்கிறோம். அண்ணன் பங்கில் வர வேண்டிய நிலத்தை நம் பேரில் எழுதிக்கொண்டது அந்தப் பட்டியலில் வருவதில்லை. மருமகள் கொண்டுவந்த நகையைப் பற்றிச் சொன்ன சொல் வருவதில்லை.

இதில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. கணினிகளில் பெரும்பாலும் இரண்டு அறைகள் உண்டு, சி டிரைவ், டி டிரைவ். ஃபார்மட் அடிக்கச் சொல்பவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு வாக்கியம்: “சி-யை அடிச்சுக்கோங்க தம்பி, டி-யைத் தொட்டுடாதீங்க, எல்லாம் அதுலதான் இருக்கு.” வைரஸும் அதில்தான் இருக்கிறது. புது விண்டோஸ் பளபளவென்று எழும். ஒருவர் போய் டி டிரைவில் பழைய கோப்பு ஒன்றைச் சொடுக்குவார். அந்த ஒரு சொடுக்கில் பழையதெல்லாம் திரும்பி வந்துவிடும். நம் தம்பி டி டிரைவில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சோதித்து, வேண்டிய கடிதங்கள், படங்கள், கணக்குகளை மட்டும் தனியே எடுத்தார். யாரோ எப்போதோ இறக்கி வைத்த இலவச மென்பொருள்கள், பூட்டு உடைத்த நிரல்கள் எதையும் எடுக்கவில்லை. “இது இருக்கட்டுமே” என்று அலுவலகத்தில் சிலர் கெஞ்சினார்கள், அவர் கேட்கவில்லை.

உங்களுடைய டி டிரைவ் எது? ஒப்புரவுக்குப் போகும்போதெல்லாம் கவனமாகத் தவிர்க்கிற அந்த ஓர் அறை எது? வட்டித் தொழிலா, இரவில் தனியே பார்க்கும் காட்சிகளா, பத்து வருடமாகப் பேசாத தம்பியா, சாதிப் பெருமையா? பங்குப் பேரவைக் கூட்டத்தில் அமைதியைப் பற்றி அழகாகப் பேசுகிறோம், கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே புதைக்கப்பட வேண்டும் என்று வரும்போது அந்தப் பழைய அறையைத் திறக்கிறோம். ஒரு சொடுக்கு போதும். திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை எல்லாம் பெற்ற உள்ளத்தில் அது மறுபடியும் ஓடத் தொடங்கிவிடுகிறது.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். கணினியை வைத்துச் சொன்னது எல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாது. கடவுள் நம்மை ஃபார்மட் செய்வதில்லை.

நம் அலுவலகக் கணினி காலியானபோது யாருடைய திருமுழுக்கும் காலியாகவில்லை. பங்குகளில் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 535 கட்டளையிடுகிறது. அலமாரியில் இருக்கும் அந்தத் தடித்த புத்தகங்கள்தான் மூலம். கணினியில் இருந்தது தேடுவதற்கு வசதியான ஒரு நகல். ஒருவர் உறுதிப்பூசுதல் பெற்றால், திருமணம் செய்தால், அதையும் அவருடைய திருமுழுக்குப் பதிவிலேயே குறிக்கிறோம். ஒருவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்பதற்காக அந்தப் பதிவை யாரும் கிழிப்பதில்லை. திருமுழுக்கு ஆன்மாவில் பதிக்கும் முத்திரையை எந்தப் பாவத்தாலும் அழிக்க முடியாது என்பது திருச்சபையின் போதனை. நீங்கள் எவ்வளவு தூரம் போயிருந்தாலும், உங்கள் பெயர் எழுதப்பட்ட பக்கம் அப்படியே இருக்கிறது.

நினைவுகளும் அப்படித்தான். கடவுள் மன்னிக்கிறார், ஆனால் நம் கடந்த காலத்தைத் துடைத்து நம்மை வெறுமையாக்குவதில்லை. பேதுரு மூன்று முறை மறுதலித்ததை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதி வைத்தார்கள். பவுல் திருச்சபையைத் துன்புறுத்தியதைத் தம் திருமுகங்களில் தாமே திரும்பத் திரும்பச் சொன்னார். உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயத் தழும்புகள் இருந்தன.

கணினியில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். புது விண்டோஸ் போட்டபின் பழைய கோப்புகளைத் திறந்தோம். தமிழ் எழுத்துகள் எதுவும் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கலந்து கிடந்தன. அலுவலகத்தில் இருந்த அக்கா “எல்லாம் போச்சு ஃபாதர்” என்று தலையில் கை வைத்துவிட்டார். தம்பி சிரித்தார். அவை பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள். அந்த எழுத்துருவை மறுபடி நிறுவினார். அந்த நொடியே அன்பியக் குடும்பங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தமிழில் வந்து நின்றன. கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதை வாசிக்கத் தெரிந்த ஒன்று உள்ளே வந்திருந்தது, அவ்வளவுதான். அருளும் இப்படித்தான் வேலை செய்கிறது. நீங்கள் மறக்க நினைக்கும் அந்த ஆண்டுகள், அந்தத் தோல்வி, அந்த அவமானம் உங்களுக்கு அர்த்தமற்ற கிறுக்கலாகத் தெரியலாம். தூய ஆவியார் உள்ளே வந்தபின் அதே ஆண்டுகளை வாசித்துப் பாருங்கள், கடவுள் உங்களைச் சுமந்த வரலாறு அதில் எழுதியிருக்கும்.

ஆனால் மன்னிப்பு என்பது விளைவுகளை ஒன்றுமில்லாமல் ஆக்குவது அல்ல. சக்கேயு ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க எழுந்து நின்றார். எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொன்ன பழியைச் சொன்ன இடத்திலேயே திரும்பப் பெற வேண்டும்.

கடைசியாக, நற்செய்தி நம்மைக் கொண்டுவந்து நிறுத்தும் இடத்துக்கு வருவோம். காலி வீடு.

ஃபார்மட் முடிந்த கணினியை விடச் சுத்தமான பொருள் வேறில்லை. அதில் ஒரு வைரஸும் இல்லை. அதனால் ஒரு பயனும் இல்லை, ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது. இயங்குதளம் என்ற ஒன்று உள்ளே வந்து அமர்ந்தபின்தான் அது கணினி. மின்சாரம் வந்ததும் பொறுப்பை ஏற்பது அது. மற்ற நிரல்களுக்கு இடம் கொடுப்பதும், எல்லை வகுப்பதும், யார் எதைத் தொடலாம் என்று சொல்வதும் அது. உள்ளே எத்தனை நிரல்கள் என்பதைவிட, எல்லாவற்றையும் ஆள்வது எது என்பதுதான் முக்கியம். இன்றைய நற்செய்தி முழுவதும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. பேய்களின் தலைவன் பெயல்செபூலின் ஆட்சியா, கடவுளின் ஆட்சியா? இடையில் யாரும் ஆளாத நிலம் என்று ஒன்று இல்லை. தம்மோடு இல்லாதவர் தமக்கு எதிராக இருக்கிறார் என்று ஆண்டவர் சொல்வது அதனால்தான்.

நம் குடும்பங்களில் இதைக் கண்ணால் பார்க்கிறோம். தவக்காலம் நாற்பது நாளும் ஒரு சொட்டு தொடாமல் இருந்தவர், பாஸ்கா இரவுத் திருப்பலி முடிந்த மறுநாளே சேர்த்து வைத்துக் குடிக்கிறார். அவர் வீட்டைப் பெருக்கியது உண்மை. குடிக்கும் அந்த மாலை நேரத்தில் யாரைக் குடிவைத்தார்? வெறும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளர்கள் சந்தித்ததில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தோழமை. அவர்கள் பாட்டிலை எடுத்துவிட்டு மனிதரைத் தனியே விட்டுவிடுவதில்லை. ஒரு கூட்டம், தொலைபேசியில் அழைக்க ஒரு தோழர், தன்னைவிட மேலான ஆற்றலிடம் தன்னை ஒப்படைக்கும் பயிற்சி, துன்பப்படும் இன்னொரு குடிநோயாளருக்குச் செய்யும் சேவை, இவற்றால் அந்தக் காலி நேரத்தை நிரப்புகிறார்கள். குடியை விட்ட கணவரைப் பார்த்து “இனிமே குடிக்காம இரு” என்று மட்டும் சொல்லும் மனைவியரே, சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் எங்கே உட்கார்வார் என்று சேர்ந்து யோசியுங்கள். இது செபமாலை மாதம். அந்த நேரத்துக்கு உங்கள் அன்பியத்தில் ஓர் இடம் அவருக்காகக் காத்திருக்கட்டும்.

நிரப்புவதை ஒரு நாளோடு முடித்துவிட முடியாது. வருகிற செவ்வாய், 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்துகிறது. 15-ஆம் தேதி காலையில் அந்தக் கணினிகள் வழக்கம் போலத்தான் எழும். ஒன்றும் ஆகாதது போலத் தெரியும். ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க வழக்கம் போல யாரும் வரமாட்டார்கள். 2017-ஆம் ஆண்டு மே மாதம் ‘வன்னாகிரை’ என்ற வைரஸ் இங்கிலாந்தின் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மருந்து அந்த ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டிருந்தது. வாங்கி வைத்துக்கொள்ளாதவர்கள் அடிபட்டார்கள். அருளும் வந்துகொண்டேதான் இருக்கிறது. தினமும் ஒரு நற்செய்திப் பகுதி, ஞாயிறு திருப்பலி, மாதம் ஒருமுறை ஒப்புரவு. இவற்றை நிறுத்திய அடுத்த நாள் நமக்கும் ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் நிறுத்துவது எளிதாக இருக்கிறது.

இளையோருக்கு ஒரு வார்த்தை. நாளை மறுநாள் ஞாயிறு, அக்டோபர் 12. 2006-இல் அதே நாளில் இத்தாலியில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர் கார்லோ அகுதிஸ். அப்போது அவருக்கு வயது 15. போன மாதம் 7-ஆம் தேதி திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். கணினி நிரல் எழுதத் தானே கற்றுக்கொண்டு, நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்த பையன். அவருடைய கணினியை ஆண்டது எது என்பது அவருடைய அன்றாட வாழ்க்கையில் தெரிந்தது: தினமும் திருப்பலி, செபமாலை, வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம்.

அவர் உடல் இன்று அசிசி நகரில் ஒரு பழைய ஆலயத்தில் இருக்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இளைஞர் பிரான்சிஸ், தந்தையின் சொத்து எதுவும் வேண்டாம் என்று, உடுத்தியிருந்த ஆடைகளையும் கழற்றிக் கொடுத்த நிகழ்ச்சியை நினைவுகூரும் திருத்தலம் அது. தம்மை முழுவதும் காலியாக்கிய அந்த நொடியில் பிரான்சிஸ் வெறுமையாக விடப்படவில்லை. அங்கிருந்த ஆயர் கீதோ தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார். திருச்சபை அவரை அணைத்துக்கொண்டது. பிள்ளைகளே, கெட்டதை விடுங்கள் என்று மட்டும் உங்களிடம் சொல்லி நாங்கள் நிறுத்திவிடக் கூடாது. விட்டுவிட்டு வருகிறவரைப் போர்த்திக்கொள்ளப் பெற்றோரும் பங்கும் குருவும் தயாராக இருக்க வேண்டும்.

“ஃபாதர், நான் இழந்த வருடங்கள்?” என்று சிலர் மனதுக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. கொம்பு ஊதச் சொன்ன அதே யோவேல், அதே இரண்டாம் அதிகாரத்தில் (2:25) கடவுளின் ஒரு வாக்குறுதியைத் தருகிறார். வெட்டுக்கிளிகள் தின்ற ஆண்டுகளுக்கு அவரே ஈடு செய்வார். எந்தக் கணினிக் கடையும் தர முடியாத வாக்குறுதி அது. அழிந்ததை மீட்க முடியாது என்று எல்லாரும் கைவிரிக்கும் இடத்திலிருந்து கடவுள் தொடங்குகிறார்.

நாளை மாலை ஐந்து மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். வரும்போது இரண்டு கேள்விகளோடு வாருங்கள். நான் திறக்காமல் வைத்திருக்கும் அறை எது? அதைக் காலி செய்தபின் அங்கே யாரை அழைக்கப் போகிறேன்? முதல் கேள்விக்கு மட்டும் பதிலோடு வந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

இன்னும் சில நிமிடங்களில் நூற்றுவர் தலைவரின் சொற்களை நம் வாயில் எடுத்துக்கொள்ளப் போகிறோம். ஆண்டவர் தம் கூரையின் கீழ் வருவதற்குத் தமக்குத் தகுதியில்லை என்று அவர் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு நாம் கதவை மூடப் போவதில்லை. வரிசையில் வந்து நின்று அவரை உள்ளே ஏற்கப் போகிறோம். தகுதி இல்லை என்று தெரிந்தும் அவர் வருகிறார், வருபவர் ஒரு மணி நேர விருந்தினராக வரவில்லை. வீட்டுக்காரராக இருக்க வருகிறார். நம் நேரத்தையும், பணத்தையும், கைப்பேசியையும், மாலைப் பொழுதையும் ஆளும் பொறுப்பை அவர் கையில் கொடுக்கும் துணிவை இந்தத் திருப்பலியில் கேட்போம். ஆமென்.